“தெரிந்தும் மறைத்தார்கள்” என்பது பொய்

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலை, அதாவது தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்புகளை, இலங்கை முஸ்லிம்கள் எல்லாரும் முன்பே அறிந்திருந்தார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு.

தாக்குதலை நடத்திய சஹ்ரான் ஹாஷிமைப் பற்றி முதலில் முறையிட்டதே அவனுடைய ஊர்க்காரர்கள்தான். 2017 மார்ச்சில், கிழக்கிலங்கையில் உள்ள அவனுடைய ஊரான காத்தான்குடியின் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் சூஃபி முஸ்லிம்களை வாளோடு தாக்கினார்கள். பொலிஸ் தேட, அவன் தலைமறைவானான். முஸ்லிம் அமைப்புகள் பாதுகாப்புத் துறையிடமும் எச்சரித்திருந்தன.

அப்புறம் சாய்ந்தமருது, அதுவும் கிழக்கிலங்கை ஊர்தான். ஏப்ரல் 26 அன்று, ஒரு வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த முஸ்லிம் ஊர் மக்கள். படையினர் சூழ்ந்ததும் உள்ளே இருந்த சஹ்ரானின் கூட்டத்தார் குண்டை வெடிக்கச் செய்தார்கள், குழந்தைகளும் மாண்டார்கள். இதை அந்தப் பதிவு சொல்லவே இல்லை.

சரி, எச்சரிக்கையைக் கோட்டைவிட்டது யார்? இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 அன்றே தகவல் கொடுத்திருந்தது. அலட்சியத்துக்காக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2019 மே மாதமே, எந்தத் தப்பும் செய்யாத முஸ்லிம்களின் கடைகள் மினுவாங்கொடையில் எரிந்துவிட்டன.