கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவைக் குழாய் போடத் தோண்டினார்கள். அப்புறம் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. பக்கத்து வீட்டுப் பாட்டி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். முன்பெல்லாம் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவோம். இப்போது யாரிடம் போவது? பெங்களூரின் 198 வார்டுகளுக்கு 2015இல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. பிறகு வருடா வருடம் பட்ஜெட் போட்டது அதிகாரிகள்தான். 2025இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். அப்போதும் தேர்தல் வரவில்லை. சொத்து வரி மட்டும் தவறாமல் கட்டுகிறோம். அதில் எங்கள் தெருவுக்கு எவ்வளவு என்று போய்க் கேட்க ஒரு வாசல்கூட இல்லை. வயிறு எரிகிறது.