ஓடாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் பழுதாகாதா?

"கிலோமீட்டர் குறைவு, பத்து வருஷமாக ஷெட்டிலேயே நின்ற வண்டி, அதனால் எந்தப் பழுதும் இருக்காது" என்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

நின்றே கிடக்கும் வண்டிக்கும் வயதாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; உள்ளே துரு பிடித்து சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் காலிப்பர் பிஸ்டன் இறுகிவிடும். பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது பெட்ரோல் ஹோஸ்களைத்தான். வெடித்த ரப்பரிலிருந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துபோகும். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் ரப்பர் பட்டை) உள்ள வண்டியில் அதை எப்போது மாற்றினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2309 என்றால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

சரி, வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா? போதாது. இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். எடுத்து ஓட்டுங்கள், பிரேக்கைச் சோதித்த பிறகு.