பிள்ளைகளுக்கு நிரலாக்கம் இனியும் வேண்டுமா?

மொரிஷியஸின் தகவல் தொழில்நுட்ப மையமான எபென் சைபர் நகரத்தில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிடும் என்று நம்பிக் கணினிப் பாடத்தை எடுக்கச் சொன்ன பெற்றோரே, "ஏஐயே நிரல் எழுதிவிடுகிறதே, இனி இதை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று இப்போது கேட்கிறார்கள். ரோஸ் ஹில்லில் ஸ்கூல் சர்டிபிகேட் (எஸ்.சி.) தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கணினியியல் டியூஷன் எடுப்பவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: படிக்க வேண்டும், முன்பைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இனி யாரும் நிரலாக்கம் கற்க வேண்டியதில்லை என்ற பொருளில் கணினிச் சில்லு நிறுவனமான என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பிப்ரவரியில் துபாய் மாநாட்டில் பேசினார். புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் கொடுக்கப்படும் சிறு சிறு நிரல் வேலைகளை இன்றைய கருவிகள் நொடியில் முடிக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே வேலை நிச்சயம் என்று சொல்லி இந்தப் பாடத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் 1957-இல் ஐபிஎம் நிறுவனம் ஃபார்ட்ரான் என்ற நிரல் மொழியை வெளியிட்டு, இயந்திர மொழியில் எழுதும் சிரமத்தைப் பெரிதும் குறைத்தபோது நிரலாளர்களின் தேவை குறையவில்லை, பெருகியது என்பதையும் மறக்கக் கூடாது.

வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். க்யூர்பிப் நகரில் ஒரு வாரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையைக் கண்டுபிடிக்க நிரல் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் குறைந்தபட்ச மதிப்பைத் தொடக்கத்தில் 0 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளின் அளவும் அதைவிடக் குறைவா என்று பார்க்கும்படி எழுதியிருந்தான். க்யூர்பிப்பில் எவ்வளவு குளிரடித்தாலும் அந்த அளவுக்கு இறங்குவதில்லையே! விடை 0 என்றே வந்தது. ஏஐயிடம் கொடுத்தான், முதல் நாளின் அளவையே தொடக்க மதிப்பாக வைத்து அது உடனே திருத்திக் கொடுத்தது. அடுத்த வாரம், போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சூரை மீன் வைக்கும் குளிர்க் கிடங்கு ஒன்றின் மிக உயர்ந்த வெப்பநிலையைக் கேட்டேன். கொடுத்த அளவுகள் எல்லாம் மைனஸ் 18-ஐ ஒட்டியவை. மறுபடியும் தொடக்க மதிப்பு 0, மறுபடியும் விடை 0. கிடங்கில் குளிரூட்டி பழுதாகிவிட்டது என்றல்லவா அந்த விடைக்குப் பொருள்? பிறகு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பு எப்படி மாறுகிறது என்று வரிவரியாக நிரப்பச் சொன்னேன். இரண்டாம் வரியிலேயே பிழை எங்கே என்று அவனே சொல்லிவிட்டான். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் இருக்கும் இந்த ட்ரேஸ் டேபிளைத்தான் பல பிள்ளைகள் வெட்டிவேலை என்கிறார்கள்; என்னைக் கேட்டால், அந்தப் பாடத்தின் உயிரே அதுதான்.

கருவி திருத்திக் கொடுத்தது நிரலை மட்டும்தான். அவன் எண்ணத்தில் இருந்த பிழை அப்படியே இருந்தது. நாளை வங்கியிலோ மருத்துவமனையிலோ ஏஐ எழுதிய நிரலுக்கு ஒப்புதல் தரும் இடத்தில் அவன் உட்கார்ந்தால், 0 என்ற விடையைப் பார்த்ததும் சந்தேகப்படத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏஐயைத் தடை செய்யச் சொல்லவில்லை. முதலில் தாளில் யோசித்துத் தானே எழுதட்டும், ஓட்டிப் பார்க்கட்டும். அதன்பின் கருவியிடம் கேட்டு இரண்டையும் ஒப்பிடட்டும். எல்லாப் பிள்ளைகளும் நிரலாளராக வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளையை இதற்காக அவசரப்படுத்தவும் வேண்டாம். என் கவலை வேறு. அரசுப் பள்ளிகள் இந்தப் பாடத்தைக் கைவிட்டாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டியூஷனில் கற்றுக்கொள்வார்கள். மற்றவர்கள் இயந்திரம் சொன்னதைக் கேட்டு நடப்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், யாரோ மேடையில் பேசியதை நம்பிக் கணினியியலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.