கணினி குன்னூர் நிலையத்தை எப்படி வரையும்?

தண்டவாளத் தரவைக் கொடுத்தால் கணினியே ரயில் பாதைகளின் கோட்டுப்படம் போட்டுத் தரும் என்று ஒரு கட்டுரையில் படித்ததும் எங்கள் குன்னூர் நிலையம்தான் நினைவுக்கு வந்தது.

இந்த வகைப் படத்துக்கு அளவு முக்கியமில்லை. எந்தப் பாதை எங்கே பிரிகிறது, எதோடு சேர்கிறது என்பதுதான் உயிர். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். எல்லாம் நேர்கோடாகட்டும், தப்பில்லை. ஆனால் கிலோமீட்டர் ஏற ஏற இடமிருந்து வலமாக வரைந்துகொண்டே போகும் கணினி நிரல் குன்னூரில் திணறும். கீழிருந்து வரும் பாதையும் ஊட்டிக்குப் போகும் பாதையும் இங்கே நிலையத்தின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. உள்ளே வந்த ரயில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துதான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். அந்தப் பாதையை வலப்பக்கம் நீட்டிவிட்டால் படம் அழகாக இருக்கும், விஷயம் தப்பாகிவிடும்! பாயிண்ட், அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம், எந்தப் பக்கம் பார்த்துப் பிரிகிறது என்பதை மீறவே முடியாத விதியாக வையுங்கள். கோட்டு மடிப்புகளைக் குறைப்பது, அகலத்தைச் சுருக்குவது எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று, கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல் தண்டவாளம் உண்டு. அந்தப் பகுதிக்குத் தனிக் கோடு தேவை. சாதாரணக் கோடாகப் போட்டால் பல்சக்கரம் இல்லாத இன்ஜினும் அங்கே ஏறும் என்று படம் பார்ப்பவர் நினைத்துவிடுவார்.