டாஸ்மாக் எங்கே வரலாம் என்று தெருக்காரரிடம் யார் கேட்டார்கள்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கமெண்டில் வந்து காந்தியை இழுக்க வேண்டாம். பூரண மதுவிலக்கு கேட்கிற ஆள் நான் இல்லை. டாஸ்மாக் கடை எங்கே வரலாம் என்பதற்கு விதி இருக்கிறது. அந்த விதியில் தெருவில் குடியிருப்பவர்களின் வாக்குக்கு மட்டும் ஏன் இடமில்லை என்பதுதான் என் கேள்வி.

2003ஆம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதி என்றால் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் 100 மீட்டர். நகரமைப்பு வரைபடத்தில் வணிகப் பகுதி என்று குறித்திருந்தால் அந்தத் தூரமும் தேவையில்லை. 50 மீட்டர் என்பது பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓடிக் கடக்கிற தூரம். சரி, அதாவது இருக்கிறதே. வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி என்று தேடினால் ஒன்றும் இல்லை.

தூரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2017இல் பார்த்தோம். வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றில் பல அப்படியே ஊருக்குள்ளே நகர்ந்து வந்தன. லாரி ஓட்டுநரைக் காப்பாற்ற வந்த தீர்ப்பு, குடியிருப்புத் தெருவில் கடையைக் கொண்டுவந்து வைத்தது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராக மறியல் செய்த பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோ நினைவிருக்கும். அது அந்த ஏப்ரலில்தான். கேரளத்தில் வடக்குப் பரவூரில் ஒரு பார்க்காரர் இன்னும் கெட்டிக்காரர். கடையை அசைக்கவே இல்லை, வாசலுக்குப் போகும் பாதையை வளைத்து வளைத்துக் கட்டி நடக்கிற தூரத்தைக் கூட்டிவிட்டார்!

கிராம சபையில் தீர்மானம் போடலாமே என்பார்கள். போட்டார்கள், எத்தனையோ ஊர்களில். அந்தத் தீர்மானம் அதிகாரியைக் கட்டுப்படுத்தினால்தானே அவர் மதிப்பார்? கலெக்டரிடம் மனு, அப்புறம் மறியல், அப்புறம் நீதிமன்றம் என்று ஒவ்வொரு ஊரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் 25 சதவீதப் பெண் வாக்காளர்கள் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நிமிர்ந்த பாட்டில், படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னங்கள். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடையை மூடியாக வேண்டும். ராஜஸ்தானிலும் இப்படி ஒரு விதி உண்டு. கச்சபலி என்ற ஊரில் 2016இல் வாக்களித்தே கடையை மூடவைத்தார்கள். கேரளம் இதற்கு நேர் எதிராகப் போனது. பார் திறக்க உள்ளாட்சியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று இருந்ததை 2017இல் எடுத்துவிட்டது.

எல்லாத் தெருவும் வேண்டாம் என்றால் கள்ளச்சாராயம் வராதா? நியாயமான கேள்வி. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது டாஸ்மாக் இல்லாத மாநிலத்திலா? அந்தக் கள்ளச்சாராய பாக்கெட் விலை மலிவு, விற்பவனைத் தடுக்க ஆளில்லை. அதைக் காட்டி என் தெருவில் கடை வைப்பதை நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று, இதற்கு நண்பர்களே என்னைத் திட்டுவார்கள். பார் இல்லாத கடைதான் பார் உள்ள கடையைவிட மோசம். பாட்டிலை வாங்கியவர் எங்கே போவார்? பூட்டிக் கிடக்கும் கடைத் திண்ணை, பக்கத்துக் காலி மனை, யார் வீட்டுக் காம்பவுண்டு சுவரோரமோ. பிளாஸ்டிக் டம்ளரும் உடைந்த பாட்டிலும் காலையில் அங்கேதான் கிடக்கும். பார் வைத்தால் ஏலம் எடுத்தவரிடமாவது கேட்கலாம். ஆகவே அனுமதி தருகிற அன்றே உட்கார இடம், கழிப்பறை, பாட்டிலை அள்ள ஆள் என்று நிபந்தனை போடட்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே இங்கே கடை வருகிறது என்று அந்த வாசலில் பலகை வைக்கட்டும், தெருவில் உள்ள பெண்களிடம் வாக்கெடுக்கட்டும். மறியல் நடந்த பிறகு தாசில்தாரை அனுப்பிப் பேச்சுவார்த்தை நடத்துகிற அரசுக்கு, முன்கூட்டியே ஒரு வார்டில் வாக்குப்பெட்டி வைப்பது பெரிய வேலையா என்ன?