ஜேட் செடி வாடினால் தினமும் தண்ணீரா?

‘ஜேட் செடி இலை உதிர்த்தால் அதற்குத் தாகம், தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. தென்னாப்பிரிக்காவின் வறண்ட சரிவுகளில் வளரும் செடி இது. இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தாகமெடுத்தால் இலை சுருங்கும். மஞ்சளாகி, கொழகொழத்து, தொட்டாலே உதிர்ந்தால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். அப்போது தண்ணீர் ஊற்றுவது, போகிற உயிரைப் பிடித்துத் தள்ளுகிற வேலை.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கறுத்து நாறும் வேரை வெட்டுங்கள். அடித்தண்டும் மெத்தென்று அமுங்குகிறதா? சரி, அந்த அடிப்பகுதி இனிப் பிழைக்காது, அதை விட்டுவிடலாம். மேலே கெட்டியாக இருக்கும் கிளையை, வெட்டிய இடத்தில் பழுப்பு இல்லாதபடி நறுக்கி, நாலைந்து நாள் நிழலில் காயவிட்டு, அப்புறம் பருமணல் கலந்த மண்ணில் நடுங்கள்.