ஹிரோஷிமா மக்களை முன்கூட்டியே எச்சரித்தார்களா?

“அணுகுண்டு போடப் போகிறோம், ஊரை விட்டுப் போங்கள் என்று ஹிரோஷிமாவில் அமெரிக்கா துண்டுப்பிரசுரம் போட்டது, மக்கள்தான் கேட்கவில்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, பிரசுரத்தின் படத்தோடு சுற்றுகிறது. தவறு.

படத்தில் இருப்பது நிஜப் பிரசுரம்தான். ஆனால் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்: “சந்தேகம் இருந்தால் ஹிரோஷிமாவுக்கு என்ன ஆனது என்று விசாரியுங்கள்” என்கிற பொருளில் அதிலேயே ஒரு வரி வருகிறது. குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. பிரசுரம் எழுதியது அதற்குப் பிறகு. நாகசாகிக்கு அது போய்ச் சேர்ந்ததும் அங்கே குண்டு விழுந்த மறுநாள்தான்.

மற்ற ஜப்பானிய நகரங்களில் சாதாரண குண்டுவீச்சு பற்றிப் பிரசுரம் போட்டது உண்மை. அதில் அணுகுண்டு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஜப்பானைச் சரணடையச் சொன்ன ஜூலை 26 போட்ஸ்டாம் அறிக்கையிலும் இல்லை. முன்னெச்சரிக்கை வேண்டாம் என்று அணுகுண்டு பற்றி ஆலோசனை சொல்ல அமெரிக்கா அமைத்த இடைக்காலக் குழு ஜூன் 1 அன்றே பரிந்துரைத்துவிட்டது. அந்தக் கூட்டத்தின் குறிப்புகள், அப்போதைய அமெரிக்க அதிபர் ட்ரூமன் பெயரிலான நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். ஆகஸ்ட் 6 காலை 7:31-க்கு ஹிரோஷிமாவில் ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். குண்டு வெடித்தது 8:15-க்கு.

குண்டு போட்டது சரியா, தவறா என்பது வேறு விவாதம்; தாராளமாகச் செய்யலாம். இந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.